சொடக்கு எடுத்தால் முதுகுவலி தீருமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறேன். வயது 41. நான்கு மாதங்களாகக் கீழ்முதுகில் வலி இருக்கிறது. காலையில் எழுந்ததும் குறுக்கு பிடித்துக்கொள்கிறது. ஸ்கேனில், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக வந்துள்ளது. அறுவை சிகிச்சை வேண்டாம், உடற்பயிற்சி போதும் என்கிறார் எலும்பு மருத்துவர். உடன் வேலை பார்ப்பவரோ, கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் போனால் விலகிய எலும்பை ஒரே சொடக்கில் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்கிறார். போகலாமா?

பதில்: முதலில் அந்த ஸ்கேன் அறிக்கையை நினைத்துப் பயப்படுவதை விட்டுவிடுங்கள் அம்மா. முதுகில் எந்த வலியும் இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதும், ஐம்பது வயதினரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டிருக்கிறது. தலைமுடி நரைப்பதைப் போல அதுவும் பெரும்பாலும் வயதோடு வருவதுதான்.

முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் கைரோபிராக்டிக் முறையை 1895-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கினார். முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்புகளைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று அவர் நம்பினார். அந்தக் கருத்தை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. சிகிச்சையின்போது கேட்கும் சொடக்குச் சத்தமும் எலும்பு உள்ளே போகும் சத்தம் அன்று. மூட்டு சட்டென்று விரியும்போது மூட்டுத் திரவத்துக்குள் ஏற்படும் வாயுக்குமிழோடு தொடர்புடைய சத்தம் அது. உங்கள் எலும்பு எங்கும் விலகிப் போகவில்லை என்பதை நீங்கள் மனதார நம்ப வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால், விலகிவிட்டது என்ற பயத்தில் குனியாமலும் நடக்காமலும் இருப்பவர்களின் முதுகுத் தசைகள் இன்னும் வலுவிழக்கின்றன.

அதற்காக இந்தச் சிகிச்சையால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியுடன் முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது. முறையாகப் படித்தவர் கையில் அது வலியைக் கொஞ்சம் தணித்து, அசைவை எளிதாக்கலாம்; அந்த இடைவெளியில் நீங்கள் பயிற்சியைத் தொடங்க வேண்டும். இந்தியாவில் கைரோபிராக்டிக்கிற்கெனத் தனிப் பதிவு மன்றம் இல்லாததால், எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். முப்பது அமர்வுகளுக்கு முன்பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பயிற்சியில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன். குழந்தை தவழ்வதைப் போல உள்ளங்கைகளையும் முழங்கால்களையும் பாயில் ஊன்றிக்கொள்ளுங்கள். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் மெதுவாக நீட்டி, பத்து எண்ணும்வரை அப்படியே இருங்கள். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். இடுப்பின்மேல் தண்ணீர் நிறைந்த டம்ளர் ஒன்று இருப்பதாகவும், அது தளும்பக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டால் உடல் தானாகவே நேராக நிற்கும். ஒவ்வொரு பக்கமும் ஐந்து முறை செய்து, அரை மணி நேரம் நடந்தால் தொடக்கத்திற்குப் போதும். வேலையிடத்தில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, பண்டல் மாற்றும் சாக்கிலாவது எழுந்து நில்லுங்கள். டிஸ்கிற்குள் இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை; சுற்றிலுமிருந்து ஊறி வரும் சத்தை நம்பியே அது இருக்கிறது, அதற்கு அசைவு துணைசெய்கிறது.

ஆனால் தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கால் வலுவிழந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதுகுவலியோடு காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் காசநோய் முதலியவற்றுக்கும் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்துக்கொள்வது அவருடைய பல ஆண்டுப் பழக்கம். தொடரலாமா?

பதில்: இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறிச் செல்கின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான் என்றாலும், வந்தால் மீள்வது கடினம். எலும்பு மெலிந்திருக்கக்கூடிய வயதில் ஆபத்து இன்னும் கூடுதல். மசாஜ் மட்டும் செய்துகொள்ளட்டும்.

கேள்வி: இடுப்பு பெல்ட்டை நாள் முழுவதும் அணியலாமா?

பதில்: வேண்டாம். நாள்பட்ட வலிக்கு வழக்கமாக பெல்ட் அணிவதை நான் மேலே குறிப்பிட்ட வழிகாட்டுதலும் பரிந்துரைக்கவில்லை. மருத்துவர் வேறு காரணத்துக்காக அணியச் சொல்லியிருந்தால் அவரைக் கேட்காமல் கழற்றாதீர்கள். கடையில் நீங்களே வாங்கியது என்றால், நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிடலாம்.