கபால நரம்பைப் படிக்க 3டி மாடல் எதுக்கு, புக்ல இருக்குற படம் போதாதா?

மூளையிலருந்து நேரா கிளம்பி மண்டையோட்டுல இருக்குற ஓட்டைங்க வழியா வெளிய வர்ற 12 ஜோடி நரம்புங்கதான் கபால நரம்பு. படத்துல பேரு மனப்பாடம் ஆயிடும், பாதை பிடிபடாது. 4வது நரம்பையே எடுத்துக்கோங்க, அது மட்டும்தான் மூளைத்தண்டோட பின்பக்கம் கிளம்பி, அப்படியே சுத்தி வளைஞ்சு முன்னாடி வந்து கண்குழிக்குள்ள போகுது, மாடலைக் கையில திருப்பிப் பாத்தா ஒரே நிமிஷத்துல புரியுற இந்த வளைவு தட்டையான படத்துல வெறும் கோடுதான். மேப்ல மேம்பாலமும் கீழ் ரோடும் ஒண்ணா வெட்டிக்கிற மாதிரி தெரியும்ல, நேர்ல நின்னாதானே எது மேல எது கீழன்னு தெரியுது, அதேதான். 7வது நரம்புக்கும் இது ரொம்ப முக்கியம், காதுப்பக்க எலும்புக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு வந்து கன்னத்து எச்சில் சுரப்பிக்குள்ள புகுந்து கிளை பிரியும், அங்க கட்டிய எடுக்கும்போது நரம்பு வெட்டுப்பட்டா முகம் ஒரு பக்கம் கோணிடும்.

மாடல்ல மஞ்சளா இருக்குன்னு நிஜ நரம்பும் பளிச்சுனு மஞ்சளா இருக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க, அது அடையாளத்துக்கு அடிச்ச கலர், நிஜத்துல வெளுப்பாதான் இருக்கும்.