லாக்ஸ்டன்: வேலி போடாத ஊர் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

ஊரார் பொதுவாகப் பயன்படுத்திய வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் வேலி போட்டுத் தனியார் நிலமாக்கிய வேலியடைப்புச் சட்டங்கள் இங்கிலாந்துக் கிராமங்களை எப்படி மாற்றின என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நவம்பரில் நாட்டிங்ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். மகளும் மாப்பிள்ளையும் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். வேலியடைப்புக்கு முந்தைய ஊர் ஒன்றாவது அங்கே மிச்சம் இருக்கிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது. அந்த மாதிரி ஊர்களில் பஸ், டீ, கழிப்பறை வசதியெல்லாம் எப்படி?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இருக்கிறது, அதுவும் உங்கள் மகள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். ஊரின் பெயர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாமுக்கு வடகிழக்கே, நியூவார்க் நகருக்கு வடமேற்கே இருக்கிறது. 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பிலேயே இந்த ஊர் வருகிறது. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் எழுப்பிய கோட்டையின் மண்மேடு ஊருக்கு வடக்கே இன்றும் நிற்கிறது. ஆனால் உங்களைப் போன்றவர் அங்கே பார்க்க வேண்டியது வயல்கள்.

ஊரைச் சுற்றி மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வெளிகள். நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் ஆங்காங்கே கீற்றுக் கீற்றாக நிலம். ஒரு வெளியில் இலையுதிர்காலத்தில் கோதுமை விதைப்பார்கள். இன்னொன்றில் வசந்தகாலப் பயிர். மூன்றாவது பழைய வழக்கப்படி தரிசு. இப்போது பெரும்பாலும் தீவனப்புல். அடுத்த ஆண்டு முறை மாறும். அந்தக் காலத்தில் அறுப்பு முடிந்ததும் ஊர் மாடுகள் எல்லாம் ஒன்றாக மேயும். அப்படியென்றால் ஒருவர் மட்டும் தன் இஷ்டத்துக்கு விதைக்க முடியாது, தாமதமாக அறுக்கவும் முடியாது. எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்தே ஆக வேண்டும். அதற்காகத்தான் அங்கே ஒரு ஊர் நீதிமன்றம் இருக்கிறது. கோர்ட் லீட் என்பார்கள்.

நீங்கள் போகும் மாதம் மிகப் பொருத்தமானது. நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஊர் விவசாயிகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஜூரிகள் அந்த ஆண்டின் கோதுமை வெளியைச் சுற்றிப் பார்க்கிறார்கள். கீற்றுகளின் எல்லையில் முளை அடிக்கிறார்கள். யாராவது பொது வண்டிப்பாதைக்குள்ளோ, உழாமல் விட வேண்டிய புல்வெளிக்குள்ளோ ஏரை ஓட்டியிருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஊர் பப்பான டவ்கோட் இன்னில் நீதிமன்றம் கூடும். அபராதம் போடுவார்கள், அடுத்த ஆண்டுக்கு வேறு ஜூரிகள் உறுதிமொழி எடுப்பார்கள். தொகை சின்னதுதான். ஆனாலும் பக்கத்துக்காரர்கள் முன்னால் தன் பெயர் வாசிக்கப்படுவதை எந்த விவசாயி விரும்புவார்? 1977இல் நாடாளுமன்றம் இப்படிப்பட்ட பழைய மன்றங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அதனால் இதை வேடிக்கைக்கு நடத்தும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

மற்ற ஊர்கள் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும். 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, இங்கிலாந்தின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வேலிக்குள் கொண்டுவந்தார்கள். விளைச்சல் கூடியது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பொதுநிலத்தில் ஒரே ஒரு பசுவை மேய்த்துப் பிழைத்த குடும்பத்துக்கு அந்த விளைச்சலில் என்ன பங்கு கிடைத்தது? நாம் ரசிக்கும் அந்த உயிர்வேலிகளில் பல இந்தக் கணக்கில் நட்டவைதான். லாக்ஸ்டன் தப்பித்ததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. அங்கே நிலம் வைத்திருந்த இரண்டு பெரிய பிரபுக்களும் ஓர் உடன்பாட்டுக்கு வரவே இல்லை, அவ்வளவுதான். அப்படியும் வெளிகள் சுருங்கின, கீற்றுகளை இணைத்துப் பெரிதாக்கினார்கள். இந்த நிலத்தை 1952இல் அரசின் விவசாய அமைச்சகம் வாங்கியது, 1981இல் அது மன்னர் பெயரிலுள்ள நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது, 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் கைக்கு வந்தது. இத்தனை கை மாறியும் முறை தொடர்கிறது என்றால் அதற்கு அங்கே ஏர் பிடித்தவர்களைத்தான் நான் மெச்சுவேன்.

ஊருக்குள் நடக்கும்போது வீடுகளைக் கவனியுங்கள். பண்ணை வீடுகள் வயலுக்கு நடுவே தனித்தனியாக இல்லாமல் தெருவிலேயே அடுத்தடுத்து இருக்கும். பல வீடுகள் பக்கவாட்டுச் சுவரைத் தெருவுக்குக் காட்டி நிற்கும். நிலம் மூன்று வெளிகளிலும் சிதறிக் கிடந்தால் வீட்டை நடுவில்தானே வைக்க முடியும்! 1635இல் மார்க் பியர்ஸ் என்ற அளவையாளர் கீற்றுக் கீற்றாக வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும்கூட குட்டிக் குட்டியாகப் போட்டிருக்கிறார். போவதற்கு முன் இணையத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். தெருவில் நிற்கும்போது எது எங்கே என்று உங்களுக்கே பிடிபடும்.

சரி, வசதிகள். பொதுவாக இங்கிலாந்துக் கிராமங்களில் பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களுக்குக் கிடையவே கிடையாது. மாப்பிள்ளையின் கார்தான் உத்தமம். நம்மூர் மாதிரி ரோட்டோர டீக்கடையை எதிர்பார்க்காதீர்கள். சாப்பாடு, டீ, கழிப்பறை எல்லாவற்றுக்கும் பப்தான். பல பப்புகள் மதியத்துக்குப் பிறகு சமையலறையை மூடிவிடும் என்பதால் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். டவ்கோட் இன்னுக்குப் பின்னாலேயே வயல்களைப் பற்றிய சிறிய பார்வையாளர் மையமும் இருக்கிறது.

பல ஊர்களில் கடையும் தபால் நிலையமும் மூடிக்கொண்டே வருகின்றன. சில இடங்களில் ஊர்க்காரர்களே பங்கு போட்டுக் கடை நடத்துகிறார்கள். சிவப்பு டெலிபோன் கூண்டை ஒரு பவுண்டுக்கு வாங்கிச் சின்ன நூலகமாக ஆக்கியிருக்கிறார்கள். 2011இல் வந்த ஒரு சட்டப்படி, பப்பையோ கடையையோ ஊருக்கு வேண்டிய சொத்து என்று பட்டியலில் சேர்த்துவிட்டால், உரிமையாளர் விற்கும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். இது நல்ல சட்டம்தான். ஆனால் அவகாசம் மட்டும்தான் கிடைக்கும். ஊராருக்கே விற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தக் கட்டாயமும் சேர வேண்டும் என்பது என் கருத்து.

காட்ஸ்வோல்ட்ஸுக்கும் போய் வாருங்கள், மகளின் ஆசையைக் கெடுக்க வேண்டாம். லாக்ஸ்டனில் களிமண், நவம்பரில் சேறாக இருக்கும், கணுக்கால் வரை மூடும் பூட்ஸ் வேண்டும். நடைபாதைகளை விட்டு விலகாதீர்கள், விதைத்த நிலம். அப்புறம், அதே ஊரின் எல்லையில், நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை நினைவுகூரும் தேசிய ஹோலோகாஸ்ட் மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வயலையும் அதையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம்.