பாயும் பத்திரமும்

வணக்கம் ஐயா,

நான் பாளையங்கோட்டைக்காரி. வயது 29. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு சீனியரிடம் நான்கு வருடமாக ஜூனியர். சின்ன வயதிலிருந்தே படம் வரைவேன். சட்டக் கல்லூரி நோட்டுகளின் ஓரமெல்லாம் கோலமும் கிளியும்தான். போன வருடம் பத்தமடையில் இரண்டு அக்காமாரிடம் என் டிசைனைக் கொடுத்து, கோரையில் சின்னச் சின்னத் துண்டுகளாக நெய்து வாங்கினேன். அதைக் கைப்பையாகவும் விளக்குக் கூடாகவும் தைத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். நான் நினைத்ததைவிட வேகமாக விற்றது. இதையே தொழிலாகச் செய்ய ஆசை. ஆன்லைனில் 'நோக்கமுள்ள தலைமை' என்று ஒரு பயிற்சியும் முடித்துவிட்டேன்.

அம்மா, "கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு பாய் விக்கப் போறியா?" என்கிறாள். சீனியர் சிரித்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டைக் கையில் கொடுத்துவிட்டார். சட்டம், கலை, தலைமை மூன்றையும் ஒரே தொழிலுக்குள் எப்படிச் சேர்ப்பது? நெசவாளர்களோடு போட நானே எழுதிய ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வழக்கறிஞருக்கு,

உங்கள் அம்மா கேட்டதைத்தான் பார் கவுன்சிலும் கேட்கும். தொழில் செய்யும் வழக்கறிஞர் நேரடியாக எந்த வியாபாரத்திலும் ஈடுபடக்கூடாது என்பது விதி. பணம் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும் பங்குதாரராக இருக்கலாம், அதையும் மாநில பார் கவுன்சில் ஏற்க வேண்டும். கம்பெனியில் நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநராக இருக்கலாம். நிர்வாக இயக்குநராகவோ செயலாளராகவோ இருக்கக்கூடாது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் இவ்வளவு நீளமான கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சில கேள்விகளை நாம் கேட்காமலே விடுவது பதில் தெரிந்திருப்பதால்தான். வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னதை நிறுத்திவைக்க விண்ணப்பித்துவிட்டுத்தான் பாய் விற்க முடியும். மூன்றையும் சேர்ப்பதில் முதல் படியே ஒன்றைக் கழற்றி வைப்பது. கழற்றுவது கோட்டை மட்டும்தான், படித்த சட்டம் எங்கேயும் போகாது.

ஒப்பந்தத்தைப் படித்தேன். பதினொரு பக்கம். நல்ல சீனியரிடம் வேலை கற்றிருக்கிறீர்கள், ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. பென்சிலை எடுத்து ஒன்று மட்டும் எண்ணிப் பார்த்தேன். 'நெசவாளர் செய்யக்கூடாது' என்று முடியும் ஷரத்துகள் பதினான்கு. 'நிறுவனர் செய்யக்கூடாது' என்று ஒன்றுகூட இல்லை. நெசவாளர் அதே டிசைனை வேறு யாருக்கும் நெய்து தரக்கூடாது, விலையை வெளியே சொல்லக்கூடாது, மூன்று வருடத்துக்கு உங்களைத் தவிர வேறு வியாபாரியிடம் போகக்கூடாது. முன்னுரையிலோ 'கைவினைஞர்களின் கண்ணியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது முன்னுரைக்குப் போய்விட்டது, சீனியர் சொல்லிக்கொடுத்தது ஷரத்துகளுக்குப் போய்விட்டது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

கோபப்படாதீர்கள். உங்களைவிட நூறு மடங்கு பெரிய நோக்கத்தோடு உங்கள் ஊர்ப்பக்கத்து வக்கீல் ஒருவர் தொழில் தொடங்கினார். அவரிடமிருந்துதான் நான் இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வ.உ.சி.யைத்தான் சொல்கிறேன். கப்பல், செக்கு, சிறை என்று பாடப்புத்தகத்திலேயே படித்தாகிவிட்டது என்பீர்கள். தியாகி என்ற மாலையைக் கழுத்தில் போட்டதும் அவர் ஒரு கம்பெனி நடத்தினார் என்பது மறைந்துவிடுகிறது. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று, 1882ஆம் வருட இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி. வகித்த பதவி துணைச் செயலாளர். இன்றைய விதிப்படி அவரும் சன்னதை நிறுத்திவைத்துவிட்டுத்தான் கப்பலில் ஏறியிருக்க வேண்டும்!

அவருடைய படைப்பாற்றல் என்றால் சிறையில் எழுதிய மெய்யறத்தையும், ஜேம்ஸ் ஆலனிலிருந்து தமிழாக்கிய மனம்போல வாழ்வையும், பிறகு பதிப்பித்த தொல்காப்பிய உரையையும் சொல்வார்கள். நான் அந்தக் கம்பெனிப் பத்திரத்தைச் சொல்வேன். ஆள்பவன் தன் வியாபாரத்துக்காக எழுதி வைத்த சட்டம் அது. அதே சட்டத்தை எடுத்து, பங்குகள் ஆசியர்களின் கையில்தான் இருக்க வேண்டும் என்று வைத்தார். இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டவர் யாரும் வாங்கலாம், வெள்ளைக்காரர் வாங்க முடியாது. கம்பெனியின் நோக்கங்கள் என்ற பகுதியில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விடுவதோடு நிற்கவில்லை. நம்மவர்களுக்குக் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுப்பது, கப்பல் கட்டும் துறை அமைப்பது என்று போகிறது. சொந்தமாக ஒரு கப்பல் இல்லாதபோது எழுதிய வரிகள் இவை. பம்பாயில் வாடகைக்கு எடுத்த கப்பலைப் போட்டிக் கம்பெனி மிரட்டியே பிடுங்கியது. கொழும்பில் வேறொன்றை வாடகைக்குப் பிடித்தார். 1907இல் பிரான்சிலிருந்து காலியா என்ற சொந்தக் கப்பல் வந்துசேர்ந்தது. போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இலவசமாகக் கொடுத்துப் போட்டியாளரைக் கொல்லும் வித்தை செல்போன் காலத்தில் வந்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

நோக்கம் பத்திரத்திலேயே இருந்தது. ஆனால் நோக்கத்தைத் தாங்கிப் பிடித்தது ஒரு ஆள். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சுப்பிரமணிய சிவாவோடு நின்றார். ஒரு கம்பெனியை நடத்துகிறவர் இன்னொரு கம்பெனியின் தொழிலாளிக்காகத் தெருவில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். மில்காரர்கள் இறங்கிவந்து கூலியை உயர்த்தினார்கள். மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். கம்பெனி பதிவாகிப் பதினேழு மாதம்கூட முடியவில்லை. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பிறகு மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் வெளியே வந்தது 1912 டிசம்பரில். அதற்கு முந்தைய வருடமே கம்பெனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டுவிட்டன.

அந்த விற்பனைக்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லி நாம் நிம்மதியாக இருக்கிறோம். நெருக்கடி அவனால் வந்தது, சந்தேகமில்லை. ஆனால் கம்பெனி ஒரு நெருக்கடிக்கு வரும்போது முடிவெடுப்பது நோக்கங்கள் பகுதியில் உள்ள வரிகள் அல்ல, கூட்டத்தில் ஓட்டு வைத்திருக்கும் பங்குதாரர்கள். கப்பலில் ஏறிய சாதாரண வியாபாரிக்கோ, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கோ அந்தக் கூட்டத்தில் ஓட்டு இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். 25 ரூபாய் அவர்களில் பலருக்கு எட்டாத தொகை. இது நூறு வருடம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லும் குறைதான். அன்று அவர் கையில் இருந்த சட்டத்தில் அதற்கென்று தனி வகை எதுவும் இல்லை.

உங்கள் கையில் உள்ள சட்டத்தில் இருக்கிறது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2002இல் கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். விவசாயிகளுக்கானது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் செய்பவர்களும் அதன் வரையறைக்குள் வருகிறார்கள். உற்பத்தி செய்யும் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், தொடங்கலாம். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. பங்குத்தொகைக்கு ஒரு வரம்புக்குள்தான் வருமானம். மிஞ்சும் லாபம், யார் எவ்வளவு சரக்கு கொடுத்தார்களோ அந்த அளவுப்படி போகும். நான் ரசித்தது இன்னொரு பிரிவை. இந்த நிறுவனத்துக்கு முழுநேரத் தலைமைச் செயல் அதிகாரி ஒருவர் கட்டாயம் வேண்டும், அவர் உறுப்பினராக இருக்கக்கூடாது. நெய்யத் தெரியாத, கணக்கும் சட்டமும் சந்தையும் தெரிந்த ஒரு வெளியாளுக்காகச் சட்டமே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அது உங்களுக்கான நாற்காலி. இயக்குநர் குழுவிலும் இடம் உண்டு. உங்களை நியமிப்பது அந்தக் குழு. குழுவைத் தேர்ந்தெடுப்பது அந்த அக்காமார்.

அதாவது அவர்கள் உங்களை அனுப்பிவிடலாம்.

இதைப் படிக்கும்போது வயிற்றில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 'நோக்கமுள்ள தலைமை' வகுப்பில் இதைப் பற்றிப் பேசினார்களா? நான் பார்த்த அப்படிப்பட்ட வகுப்புகளில் தலைவர் பேசுவார், கேட்பார், கண்ணீரும் விடுவார். அவரை வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்று மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

இதில் சிரமங்கள் உண்டு. உற்பத்தியாளர் அல்லாதவர் பங்கு வாங்க முடியாது. ஆகவே முதலீட்டாளர் யாரும் உள்ளே வர மாட்டார். நீங்களும் பங்கு வைத்துக்கொள்ள முடியாது, சம்பளம்தான். பத்துப் பேரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு வருடம் போகும். தலைமுறை தலைமுறையாக வியாபாரியிடம் முன்பணம் வாங்கி நெய்தவர்களிடம் போய் 'நீங்கள்தான் முதலாளி' என்றால், 'இதுல நமக்கு என்ன வம்பு வருமோ' என்றுதான் பார்ப்பார்கள். பெயர்ப்பலகை மாட்டியதோடு நின்றுபோன இத்தகைய நிறுவனங்கள் நிறைய. வேண்டாம், தனியார் கம்பெனிதான் சரிப்படும் என்று முடிவெடுத்தால் அதுவும் குற்றமில்லை. அப்போது குறைந்தபட்சம் உங்கள் கையைக் கட்டும் ஷரத்துகளும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முன்பணம் எத்தனை நாளில், கோரை கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு, ஆர்டர் ரத்தானால் நெய்த துண்டுக்குக் கூலி எவ்வளவு.

டிசைன் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஏழாம் ஷரத்தில் 'எல்லா வடிவங்களுக்கும் பதிப்புரிமை நிறுவனருக்கே' என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தில் வரைந்த கிளி உங்களுடையது, சரி. ஆனால் டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் ஏற்றினால் பதிப்புரிமை போய்விடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. டிசைன் சட்டம் கைவேலையையும் தொழில்முறைக்குள் சேர்த்துக்கொள்கிறது. விற்ற பைகளை எண்ணிப் பாருங்கள். பதிவு செய்யலாம் என்றால் விற்பனைக்கு வருமுன் செய்திருக்க வேண்டும். பழைய கிளி பறந்துவிட்டது, புதிதாக வரைவதற்காவது முதலில் விண்ணப்பியுங்கள். 'பத்தமடைப் பாய்' என்ற பெயரோ புவிசார் குறியீடு பெற்றது. உங்கள் பிராண்டாக அதைப் பதிவு செய்ய முடியாது, அது அந்த ஊரில் நெய்கிறவர்களின் பொதுச் சொத்து.

சரி, அந்தக் கிளியை வரைந்தது நீங்கள். கோரையில் அது கிளியாக உட்கார்ந்தது எப்படி? நீங்கள் வரைந்த வளைவைத் தறி அப்படியே எடுத்துக்கொள்ளாது. தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லியதாகக் கீறி, சாயம் ஏற்றிய கோரையைப் பாவு நூலுக்குள் ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போது மூக்கு எங்கே மடங்க வேண்டும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவு உங்கள் காகிதத்தில் கிடையாது. ஏழாம் ஷரத்தில் அவருக்கு எங்கே இடம்? நீங்கள் சட்டம் படித்த ஓவியர், இதற்கு ஒரு வாசகம் எழுதுவது உங்களால் முடியாவிட்டால் வேறு யாரால் முடியும்? நான் எழுதித் தர மாட்டேன். எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.

வ.உ.சி.யின் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். விடுதலையானபோது அவருக்குச் சன்னது இல்லை. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயனை எதிர்த்துக் கப்பல் விட்டவர்! உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நிறுத்திவைத்த சன்னதைத் திரும்ப வாங்க உங்களுக்கு அவ்வளவு பாடு இல்லை.

ஒரு சொந்த வேலை. என் கல்யாணத்துக்குப் பெரியம்மா பத்தமடையில் சொல்லி நெய்த பாய் இன்னும் வீட்டில் இருக்கிறது. எங்கள் இரண்டு பேர் பெயரும் தேதியும் பட்டு நூல் பாவில் பச்சையும் சிவப்புமாக இருக்கும். மனைவி பெயரில் உள்ள ழகரம் லகரமாகிவிட்டது. முப்பத்தொரு வருடமாக அதைச் சொல்லி என்னிடம் சண்டை போடுகிறாள், நெய்தவர் நானில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது ஒரு ஓரம் பிரிந்து வருகிறது. அடுத்த முறை அந்த அக்காமார் வீட்டுக்குப் போகும்போது, பழைய பாயின் ஓரத்தைக் கட்டித் தருவார்களா, என்ன கேட்பார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். எழுத்தைத் திருத்த வேண்டாம்.