தேய்க்காதீங்க தம்பி, அந்தத் துரு இருக்கட்டும்

இங்கிலாந்தில் நடக்கப் போன இடத்தில், உழுத வயலோரம், துருப்பிடித்த ஈட்டிமுனை ஒன்று கிடைத்தது. ஆங்கிலோ-சாக்ஸன் காலத்ததாக (சுமார் 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை) இருக்கும் என்று வீட்டு ஓனர் சொல்கிறார். சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாமா, விசாவுக்கு ஏதும் சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீங்க.

முதலில், தேய்க்காதீங்க. அரிவாளில் துரு ஏறினால் தேய்த்து எண்ணெய் போட்டுப் பழகிய கை நமக்கு. இங்கே அது வேண்டாம். ஈட்டிக்காம்பின் மரமும், மேலே கிடந்த துணியின் நெசவும் சில சமயம் அந்தத் துருவுக்குள்தான் அச்சாகப் படிந்திருக்கும். வல்லுநர்கள்கூட எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார்கள். காய்ந்த மண்ணில் கிடைத்ததென்றால் ஒட்டிய மண்ணோடு ஒரு டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்க.

எடுத்த இடத்தை இன்றைக்கே போன் மேப்பில் குறித்துவிடுங்க. அந்தக் காலத்தில், குறிப்பாக 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை, ஆண்களைப் புதைக்கும்போது கூடவே வைத்த ஆயுதங்களில் ஈட்டிதான் அதிகம். கலப்பை கிளறிய ஒரு முனைக்குக் கீழே ஒரு இடுகாடே இருக்கலாம். அதனால் மறுபடி போய்த் தோண்டிப் பார்க்காதீங்க.

சட்டத்துக்கு வருவோம். 1996 புதையல் சட்டப்படி, தனியாகக் கிடைத்த பழம்பொருள் புதையலாகக் கருதப்பட, பொதுவாக 300 வருடப் பழமையும் குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ வேண்டும். அப்படி இருந்தால் 14 நாளுக்குள் கொரோனரிடம் (சந்தேக மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) சொல்ல வேண்டும். வெறும் இரும்பு முனை பெரும்பாலும் அதில் வராது, நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம். அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது திருட்டாகிவிடும். போய்ச் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை.

1976இல் வட யார்க்ஷயரின் கில்லிங் வெஸ்ட் ஊர் ஓடையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வெள்ளிப் பட்டை போட்ட ஆங்கிலோ-சாக்ஸன் வாளைக் கண்டெடுத்தான். இன்று அது யார்க் நகரில், யார்க்ஷயர் மியூசியத்தில் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒரு பிள்ளை கையில் கிடைத்ததை ஊரே பார்க்கிறதே என்று மனது நிறைந்துபோனது.

நிலம் யாருடையது என்று பக்கத்துப் பண்ணை வீட்டில் கேளுங்க. அவர் சம்மதித்ததும் உங்கள் கவுண்டியின் ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசருக்கு (மக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்யும் அதிகாரி) படத்தோடு மின்னஞ்சல் போடுங்க. பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற பழம்பொருள் பதிவுத் திட்டத்தில் பதிந்துகொள்வார்கள், காசு கேட்க மாட்டார்கள்.