“ஏன் சிஸ்டர்?” என்று அங்கே கேட்கலாமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “அக்கா, இங்கிலாந்து நர்ஸ் பதிவுக்கான கம்ப்யூட்டர் தேர்வு சிபிடி பாஸ் ஆயிட்டேன், அடுத்த மாசம் அங்க கிளம்பறேன். அங்க எதைச் செஞ்சாலும் ‘எவிடென்ஸ் என்ன’ன்னு கேப்பாங்களாமே? அதைப் படிக்க ஹாஸ்பிடல் நேரம் குடுக்குமா, இல்ல டூட்டி முடிஞ்சு வந்து நாமளே படிக்கணுமா? சந்தேகம் கேட்டா வேலை தெரியாதவன்னு நெனைச்சுட மாட்டாங்களா?”

கண்ணு, கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏற்காட்டில் பிறந்து, சேலத்தில் நர்ஸிங் படித்து, பல வருஷமாக இங்கிலாந்தில் வார்டில் நிற்கிறவள் சொல்கிறேன்: தாராளமாகக் கேள். நம்ம ஊரில் இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னதற்கு ஏன் என்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் நர்ஸ் பதிவைக் கையில் வைத்திருக்கும் என்எம்சி என்ற அமைப்பின் நடத்தை விதியிலேயே, கிடைக்கிற சிறந்த ஆதாரத்தை ஒட்டி வேலை செய்யவேண்டும் என்று இருக்கிறது. அங்கே போய் நீ எழுதப்போகும் செய்முறைத் தேர்வான ஆஸ்கியின் பத்து ஸ்டேஷனில் ஒன்று இதற்கென்றே வைத்தது.

டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் வென்ஃப்ளானையே எடுத்துக்கொள். நம்ம ஊரில் பிளாஸ்டரில் தேதி எழுதி, மூன்றாம் நாள் ஆனதும் நன்றாக ஓடுகிற லைனைக்கூட எடுத்துவிட்டு வேறு கையில் குத்துவோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நாள் கணக்குப்படி மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் ஊசி குத்திய ரத்தக்குழாயில் வீக்கம் ஒரே அளவில்தான், 7 சதவீதம். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் வழிகாட்டுதலும் தேவைப்பட்டால் மாற்று என்று வந்தது. ஆனால் 2021-ல் ஜெனீவாவிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வு, நாள் கணக்கை விட்ட பிறகு அங்கே ரத்தத்தில் தொற்று கூடியது என்றது. ஆகவே ‘எவிடென்ஸ் சொல்லிடுச்சு’ என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த இடத்தைப் பார்த்து, சிவந்திருக்கிறதா, வலிக்கிறதா என்று வீக்கத்துக்கு மார்க் போடும் விப் ஸ்கோர் எழுதுகிற வார்டில்தான் நாள் கணக்கை விடுவது பாதுகாப்பு. இதையெல்லாம் யோசித்துத்தான் உன் மருத்துவமனையின் பாலிசி எழுதப்பட்டிருக்கும். அதைப் படி, ஏன் அப்படி என்று கேள்.

படுக்கைப் புண் வராமல் இருக்க ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்க்கக் கற்றுக்கொண்டோமே, அதை அங்கே செய்துவிடாதே. புண்ணைத் தடுப்பதற்கென்று தோலைத் தேய்க்கவே வேண்டாம் என்று அங்கே சிகிச்சை வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2014-லேயே சொல்லிவிட்டது.

யார் உதவுவார்கள்? வார்டிலோ டிபார்ட்மென்டிலோ நர்ஸ்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் ப்ராக்டீஸ் எஜுகேட்டர் என்று ஒருவர் இருப்பார். புண், நீரிழிவு, தொற்றுத் தடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ்கள் உண்டு, போன் போட்டால் பேசுவார்கள். நம்மவர்களில் பல பேருக்குத் தெரியாத உதவி நூலகம். அங்கத்து அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் ஊழியர் எல்லோருக்கும் ஓப்பன்ஏதன்ஸ் என்ற ஆன்லைன் கணக்கு இலவசம், காசு கட்டிப் படிக்கவேண்டிய எத்தனையோ ஆய்விதழ்கள் அதில் திறக்கும். அதைவிடப் பெரிய விஷயம், உன் கேள்வியை எழுதிக் கொடுத்தால் நூலகரே தேடி, கட்டுரைகளை எடுத்து அனுப்புவார். டாக்டருக்கு மட்டும் இல்லை, நேற்றுச் சேர்ந்த பேண்ட் 5 (ஆரம்பநிலை) நர்ஸுக்கும்தான். சேர்ந்த முதல் வாரமே நூலகத்தில் பதிந்துவிடு.

நேரம்தான் கஷ்டம், மறைக்க விரும்பவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், ஆள் குறைந்த நாளில், உட்கார்ந்து கட்டுரை படிக்க யாராலும் ஆகாது. கட்டாயப் பயிற்சிகளை டூட்டி கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஸ்டடி லீவு வேண்டுமென்றால் வார்டு மேனேஜர் சம்மதிக்கவேண்டும். என் அனுபவத்தில் எல்லாமே அந்த ஒரு ஆளைப் பொறுத்துத்தான். சுவர் நிறைய போஸ்டர் ஒட்டிவிட்டு ஒரு நாள் பயிற்சிக்குக்கூட விடாதவர்களும் இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவள் பேசினால் காது கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அமைந்தால் மனம் விட்டுவிடாதே, எஜுகேட்டரிடம் போ. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க 35 மணி நேரப் படிப்பைக் காட்டியாக வேண்டும், அதில் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து செய்ததாக இருக்கவேண்டும். அந்தப் பொறுப்பு உன்னுடையது. அதனால் போன உடனே உனக்கு வழிகாட்டும் சீனியர், அதாவது ப்ரிசெப்டர் யார், ஸ்டடி லீவு எத்தனை நாள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்.

இன்னொன்று, சேலத்தில் பார்த்த வேலையை மட்டமாக நினைத்துக்கொண்டு போகாதே. உங்கள் ஐசியு சுவரில் இருக்கும் ‘கை கழுவ ஐந்து தருணங்கள்’ உலக சுகாதார நிறுவனம் ஆதாரங்களைச் சலித்து எடுத்ததுதான். மருத்துவமனைத் தரச் சான்றுக்கான என்ஏபிஎச் ஆடிட்டுக்கு ராத்திரி பூரா ஃபைல் தயார் செய்தாயே, அந்தப் பழக்கமும் அங்கே கைகொடுக்கும்.

கிளம்புவதற்குள் தினமும் செய்கிற வேலையில் ஒன்றை எடுத்து, ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் தளத்தில் எளிய சுருக்கம் படித்துப் பார், தமிழிலும் சில இருக்கின்றன. படித்ததை உன் கூட டூட்டி பார்க்கிற பெண்ணிடம் சொல்லிப் பார். எந்த டிரஸ்ட் (அங்கே மருத்துவமனைகளை நடத்தும் என்எச்எஸ் அமைப்பு), எந்த வார்டு என்று தெரிந்ததும் எழுது, அங்கே நம்ம பக்கத்து ஆட்கள் இருந்தால் சொல்கிறேன்.