எந்த வழக்கை எடுத்தார்கள்?

கேள்வி: எங்கள் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது. இரண்டு இல்லங்களுக்கு இராமநாதன், அருணாசலம் என்று பெயர். இவ்வளவு பெரிய சட்ட மேதைகள் இருந்த காலத்தில்தான் நம் பாட்டன் பூட்டன்மார் தோட்டத்துத் துரைக்கும் ஆட்களை மேய்த்த கங்காணிக்கும் பயந்து லயத்து வரிசை அறைகளில் ஒடுங்கிக் கிடந்தார்கள். ஒருவர்கூட அவர்களுக்காக வாய் திறக்கவில்லை. பிறகு எதற்கு இந்தப் பெயர்கள்?
(ஓர் ஆசிரியை, நோர்வூட்)

பதில்: ‘ஒருவர்கூட’ என்பதை முதலில் எடுத்துவிடுங்கள், டீச்சர். அண்ணன் தம்பி என்பதற்காக இருவரையும் ஒரே கயிற்றில் கட்டுவதும் நியாயமில்லை.

தம்பி அருணாசலம் சிவில் சேவையில் பெரிய உத்தியோகம் பார்த்து, நீதிபதியாகவும் இருந்து, ‘சேர்’ பட்டமும் வாங்கி ஓய்வு பெற்றவர். பென்சனை வாங்கிக்கொண்டு கொழும்பில் சாய்மனைக் கதிரையில் கிடந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான அதே 1919 இல், தொழிலாளர் சேமநலத்துக்கென்று தனியாக ஒரு சங்கத்தையும் தொடங்கி, வேலையை விட்டுப்போன தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை எடு எடு என்று அரசாங்கத்தை விடாமல் நச்சரித்தார். மலையகத்து மண்ணிலிருந்தே வந்த சட்டத்தரணி பெரி சுந்தரமும் அவரோடு நின்றார். பின்னாளில், 1931 இல், நாட்டின் முதல் தொழில் அமைச்சரானவர் இந்தப் பெரி சுந்தரம்தான்.

அண்ணன் கதை வேறு. 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் கப்பலேறி லண்டனுக்குப் போய், சிறையில் போடப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார் இராமநாதன். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு மனிதர்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள். சின்னத் துணிச்சலா அது? ஆனால் நாட்டின் ஆட்சி முறையைத் திருத்த பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்குரிமை என்று சொன்னதும் அதே மனிதர் எதிர்த்து நின்றார். கண்டிச் சட்டத்தரணி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி அக்னஸ், பறங்கிப் பெண், அதே ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குக் கேட்கப் போனவர். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று அங்கே கேட்டார்கள். ஆமாம், அவர்களும் பெண்கள்தானே என்றார். நம் சாதி சனம் என்று நாம் மாலை போட்டவருக்கு வராத வார்த்தை அந்த அம்மாவுக்கு வந்தது.

சரி, ஆட்களை விடுங்கள். உங்கள் கேள்வி கேட்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. தொழிலாளியின் வழக்கு அந்த மேதைகளின் மேசைக்கு வருவதற்கு வழி எங்கே இருந்தது? 1865 ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், அதற்குச் சிறை. வழக்குப் பேசும் புரொக்டரைத் தேடி டவுனுக்குப் போய் நாலு நாள் அலைந்தால் அவனே குற்றவாளியாகிவிடுவான். கையில் காசும் கிடையாது, இருந்ததெல்லாம் கடன். அந்தக் கடனுக்கு அடையாளம் துண்டு. ஒரு சின்னக் காகிதம்தான் அது. இத்தனை ரூபாயைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. இந்தியப் பக்கத்திலிருந்தும் நெருக்குதல் வந்த பிறகு, 1921 இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. துரைமாருக்கோ 1854 இலேயே கண்டியில் சங்கம் இருந்தது, சட்டநிரூபண சபையில் ஆசனமும் இருந்தது. பீஸ் கொடுக்கக்கூடியவன் பக்கம் சட்டம் படித்தவன் போனான் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. பத்திரிகைக்காரர் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் புகுந்தார் என்று சும்மாவா சொல்கிறார்கள்! சட்டம் படிக்காதவர் செய்த வேலை அது.

1937 ஐயும் 1940 ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னத்துரையாக இருந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டிள் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைத் தாக்கிப் பேசினார். ஆளுநர் நாடுகடத்த உத்தரவு போட்டார். நாட்டின் முதல்தரச் சட்டத்தரணி எச். வி. பெரேரா வந்து வாதாட, அந்த உத்தரவு செல்லாது என்று உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நல்ல தீர்ப்புத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் வேலை நீக்கத்துக்கான பத்துச்சீட்டை நீட்டி, குடும்பத்தோடு, சட்டி பானையோடு வெளியேற்றப்பட்ட தொழிலாளிக்காக எந்த நீதிபதி ஆசனத்தில் வந்து உட்கார்ந்தார்? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் இடதுசாரித் தலைவரும் சட்டத்தரணியுமான கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். கோவிந்தனுக்காக அல்ல, அவருடைய விதவைக்காக. நம் ஆளுக்குப் பெரிய சட்டத்தரணி கிடைக்க முதலில் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தரணியையும் அதே வருடம் ஜூனில் பிடித்துக் கண்டி போகம்பறைச் சிறையில் போட்டார்கள். 1942 இல் அங்கிருந்து தப்பினார் என்பது தனிக்கதை.

ஆகவே பிரச்சினை பெயர்ப் பலகையில் இல்லை. எந்த வழக்கை எடுத்தார், எதை எடுக்காமல் விட்டார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பெயரை மட்டும் மைதானத்தில் கத்த வைக்கிறோம் பாருங்கள், அதில்தான் இருக்கிறது.

அருணாசலம் இல்லம் அப்படியே இருக்கட்டும். இராமநாதன் இல்லத்துப் பிள்ளைகளுக்கு 1915, டொனமூர் இரண்டையும் சொல்லிக் கொடுங்கள், வைப்பதா எடுப்பதா என்று அவர்களே விவாதம் நடத்தட்டும். மூன்றாவது இல்லம் இருந்தால் அக்னஸ் டி சில்வா, நாலாவதுக்குக் கோவிந்தன். ‘சேர்’ பட்டம் இல்லாத ஆளின் பெயரா என்று யாராவது முகம் சுளித்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.