கிணற்றுப் பயமும் கம்பெனி முத்திரையும்: உளவியல் கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வுபெற்று ஈரோட்டில் இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. "என் தம்பிக்கு என்ன வியாதி" என்று கேட்டால் பதில் வராது.

காங்கேயம்: டீச்சருங்க, எங்க அண்ணன் பையனுக்கு எட்டு வயசு. தோட்டத்துக் கிணத்துப் பக்கமே வரமாட்டேங்கறான். உளவியல்ல எந்தக் கொள்கை இதுக்குச் சரிங்க?

முதலில், அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா? இல்லையென்றால் பையனுக்குப் பயமில்லை, புத்தி. சுவரைக் கட்டுங்கள்.

சுவர் இருந்தும் பயம் என்றால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். 1913இல் நடத்தைவாதத்தைக் கிளப்பிய வாட்சன், மனசுக்குள் நடப்பதை விடு, செய்வதைப் பார் என்றவர். பையன் என்றோ எட்டிப் பார்த்தபோது அப்பத்தா அலறியிருப்பார், அலறலும் கிணறும் ஒட்டிக்கொண்டன என்பார். ஃபிராய்டு வழி வந்தவர்களுக்குக் கிணறு வெறும் சாக்கு, பயத்தின் வேர் வேறெங்கோ. அறிதல் உளவியலார், கிணற்றைப் பார்த்ததும் அவன் தனக்குள் என்ன சொல்லிக்கொள்கிறான் என்று கேட்பார்கள். கார்ல் ராஜர்ஸ் என்றால் குறுக்கே பேசாமல் பையனைப் பேசவிடுவார்.

கைக்கு உதவுவது 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் செய்தது. முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்து, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். நீங்களும் தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடலை தின்பதில் ஆரம்பியுங்கள். பயம் தெளியட்டும் என்று கிணற்றில் தூக்கிப் போடும் மாமன்மார் நம் ஊரில் உண்டு. அவர்களை அண்டவிடாதீர்கள்.

பொள்ளாச்சி: உளவியலின் தந்தை யார்?

வுண்ட். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879இல் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் வைத்தவர். இரண்டு மார்க்குக்கு இது போதும்.

சத்தியமங்கலம்: பையன் படிக்க ஹிப்னாடிசம் செய்யலாமுங்களா?

ராத்திரி போனை வாங்கி வையுங்கள்.

பல்லடம், முதுகலை மாணவி: மில் விடுதிப் பெண்களின் மன அழுத்தம் பற்றி ஆய்வு செய்கிறேன். "அனைவருக்கும் சம்மதம்" என்று மேனேஜர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். தாள்களைச் சூப்பர்வைசரே வாங்கித் தருவாராம். போதுமா மேடம்?

போதாது கண்ணு. அந்த முத்திரை உன்னை மில் கேட்டுக்குள் விடுவதற்கு. பதில் சொல்லப்போகிற ஒவ்வொருத்தியும் தானே சம்மதிக்க வேண்டும், நடுவில் எழுந்து போகவும் அவளுக்கு உரிமை உண்டு. பதினெட்டு வயது ஆகாதவள் என்றால் பெற்றவர் சம்மதமும் வேண்டும், அவள் ஒப்புதலும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ICMR) 2017 நெறிமுறையைப் படி. உன் கல்லூரி நெறிமுறைக் குழு பார்க்காமல் ஒரு தாள்கூடக் கொடுக்காதே.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். என் முதல் ஆய்வு, ஒரு மில் கேன்டீனில். சூப்பர்வைசர் மேசையில் உட்கார்ந்து, வந்த தாள்களை டோக்கன் நம்பர் வரிசையில் அடுக்கிப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் பதிலை அழித்து அழித்து எழுதினாள். தாளே கிழிந்துவிட்டது. அதை ஒட்டி, அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

திருப்பூர், பனியன் கம்பெனி முதலாளி: ஏனுங் டீச்சர், கம்பெனி என்னுது, அந்த நேரத்துக்குச் சம்பளம் தர்றதும் நானுங்க. ஒவ்வொரு புள்ளைகிட்டயும் கையெழுத்துக் கேட்டா பயந்துக்காதுங்களா?

சம்பளம் கொடுப்பவர் கேட்டால் முடியாது என்று சொல்ல வராது, அதனால்தான் இந்த விதி. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் என்ற உளவியலார் தொடங்கிய சோதனையைப் பாருங்கள். பேப்பர் விளம்பரம் பார்த்துத் தாமாக வந்த ஆண்கள். ஆய்வுக்கூடக் கோட்டுப் போட்டவர் "தொடருங்கள்" என்றார், அவ்வளவுதான். பக்கத்து அறை ஆளுக்கு ஷாக் அடிப்பதாக நம்பிக்கொண்டே 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். ஷாக் பொய், அவர்களுக்கு வேர்த்தது நிஜம். முன்பின் தெரியாத ஆளிடமே இப்படி என்றால், உங்கள் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் உங்களிடம் என்ன சொல்வாள்?

அதே முதலாளி: அவங்க நல்லதுக்குத்தானுங்களே?

அமெரிக்காவில் டஸ்கீகி ஊரில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு செய்தவர்களும் அவர்களிடம் "கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம்" என்றுதான் சொன்னார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறி சொன்ன 1979 பெல்மாண்ட் அறிக்கை பிறந்தது அதிலிருந்துதான். நல்லது எது என்று ஆய்வாளரும் முதலாளியும் மட்டும் முடிவு செய்யக்கூடாது.

அதே முதலாளி: சரிங்க. யாரு நின்னுக்கப் போறாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லச் சொல்லுங்க, ஆர்டர் நேரமுங்க.

பல்லடத்து மாணவி சொல்லமாட்டாள். அன்று கேன்டீனில் அந்தப் பெண் தாளைக் கிழிய அழித்தது இதற்குப் பயந்துதான்.

தாராபுரம், அவிநாசி, கோபி, மூன்று பேர்: எந்தக் கொள்கை சிறந்தது?

கிணற்றுப் பதிலை மேலே போய்ப் படியுங்கள்.

பல்லடம் மாணவி மறுபடியும்: மேடம், நீங்கள் சொன்னபடி குழுவின் அனுமதி வாங்கி, சூப்பர்வைசரை வெளியே அனுப்பி, பூட்டிய பெட்டி வைத்தேன். பதினொரு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். ஆள் குறைந்துவிட்டது, என்ன செய்வது?

பதினொரு பேர் மறுத்தார்கள் என்று அறிக்கையில் எழுது. காரணம் கேட்டு அவர்கள் பின்னால் போகாதே. மேனேஜரிடம் எண்ணிக்கையைக்கூடச் சொல்லாதே. பெட்டிச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது?